விஜயபாண்டியின் காலித் தோட்டாக்கள்

ஹவில்தார் விஜயபாண்டி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்கு வந்த ஆடி மாதத்திலிருந்து, அவர் கோபமாகப் பேசினால் காலடியில் காலித் தோட்டாக்கள் விழுந்தன. பித்தளைத் தோட்டாக்கள், கையில் எடுக்க முடியாத சூடு. முடங்கியார் ரோட்டுக்குப் பின்னாலிருக்கும் தெருவில் இதை முதலில் பார்த்தவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். ஒழுகுகிற சிலிண்டரை இறக்கிவிட்டு நழுவப் பார்த்தவரை விஜயபாண்டி வாசலில் மறித்துச் சத்தம் போட்டார். வேட்டி மடிப்புக்குக் கீழிருந்து டிங் டிங்கென்று தோட்டாக்கள் சிமெண்டில் விழுந்து, உருண்டு, சாக்கடை ஓரம் போய் நின்றன. சிலிண்டர்காரர் வேறு சிலிண்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு, வெயில் இந்த வருசம் ரொம்பத்தான் என்று சொல்லிக்கொண்டே போனார். தெருவும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. மாடிவீட்டுத் தெலுங்குக்கார அம்மா வெங்கடேஸ்வரி மட்டும் காலையில் கோலம் போடும்போது விஜயபாண்டியின் மனைவி அனுசியாவைக் கூப்பிட்டு, "ஸ்கூட்டர் டயருக்கு ஆகாதும்மா, செத்த பெருக்கிருங்க" என்றார்.

அனுசியா பெருக்கினாள். பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பெருக்குவதும் சுருட்டுவதும் அடுக்குவதும் அவளுக்குக் கைப்பழக்கம். காலியான பெயிண்ட் வாளியில் தோட்டாக்களைப் போட்டு வைத்தாள். வாளி நிறைந்ததும் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போனாள். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பித்தளை நல்ல பித்தளைதான், ஆனால் ராணுவச் சாமான், வாங்கினால் கேள்வி வரும் என்று கையை விரித்துவிட்டார். வாளி வீட்டுக்கே திரும்பி வந்தது. ஏன் கீழே விழுகிறது என்று மகள் மாரிச்செல்வி ஒருநாள் கேட்டதற்கு விஜயபாண்டி பஸ் ரூட் சொல்வது போலச் சொன்னார்: "எங்க எல்.எம்.ஜி.யில தோட்டா அடைக்கிற மேகசின் மேல இருக்கும். காலி கேஸ் கீழதான் விழும். வேற துப்பாக்கின்னா வலது பக்கம் தெறிக்கும்."

அவர் சர்வீஸ் முழுக்க லைட் மெஷின் கன்னோடுதான் கழித்திருந்தார். பனியிலும் மணலிலும் அதன் பின்னால் குப்புறப் படுத்துக் கிடந்த உடம்பு அது. வீட்டுக்கு வந்த பிறகும் குப்புறத்தான் தூங்கினார், முழங்கைகளை முன்னால் ஊன்றி. ஆளைப் பார்க்கும்போது தலையைச் செத்த இடது பக்கம் சாய்த்துத்தான் பார்ப்பார். மேகசின் நட்டநடுவில் மேலே நிற்பதால் அந்தத் துப்பாக்கியில் குறிபார்க்கும் கண் இடது பக்கம் இருக்கும். மற்றபடி அதிகம் பேசாத மனிதர். மகளுக்குச் செருப்பு அறுந்தால் அவரே தைத்துக் கொடுப்பார். கோபம் வந்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது.

காலித் தோட்டா விழுந்தால் குண்டு எங்கோ போயிருக்க வேண்டும். இது முதலில் தோன்றியது அனுசியாவுக்குத்தான். அவள் தேடிப் பார்த்தாள். கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போட்ட சேத்தூர் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. மழை பெய்தால் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் செக்யூரிட்டி வேலை பார்த்த மில்லில், மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் சித்திரை முதல் ஆவணி வரை துளைத்துக்கொண்டு ஒரு குண்டு போயிருந்தது. எல்லாம் ஆளுக்குப் பின்னால்தான் பட்டிருந்தன. ஆள்மேல் ஒன்றும் படவில்லை. போலீஸ் வந்து வீட்டைச் சோதித்தது. துப்பாக்கி இல்லை, குண்டு இல்லை, வாளி நிறையக் காலித் தோட்டா மட்டும் இருந்தது. ஆயுதம் எங்கே என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். விஜயபாண்டி பதில் சொல்ல வாயைத் திறந்தார். "நீங்க வாயத் தொறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு, ஆயுதம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அதன்பிறகு ஊர் நிற்கும் விதம் மாறியது. டீக்கடையில் விஜயபாண்டி உட்கார்ந்தால் எதிர் பெஞ்சு காலியாகிவிடும். எல்லோரும் அவர் வரிசையிலேயே தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஒரே பக்கம் பார்த்தபடி டீ குடித்தார்கள். பேச வேண்டியவர்கள் அவருக்குப் பக்கவாட்டில் நின்று பேசினார்கள். யாரும் முகத்தைப் பார்த்துப் பேசாத வாழ்க்கை அவருக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டில் அனுசியா ஒருத்திதான் அவருக்கு எதிரே உட்கார்ந்து பேசினாள். அவள்மேல் அவருக்குக் கோபம் வந்ததில்லை. அவள்தான் சொல்லுவாள், அவர் கேட்பார். அவர் ஊரில் இல்லாத இருபத்து சொச்சம் வருசத்தில் நடந்தது எல்லாம் அவளிடம் இருந்தது. யார் என்ன சொன்னார்கள், எந்தக் கல்யாணத்தில் பந்தியில் எழுப்பிவிட்டார்கள், எந்த மளிகைக்கடையில் அரிசி மூட்டையை நடுவாசலில் போட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒரு நாளைக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே குழம்பு ஊற்றினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டில் கைவைக்காமல் இருப்பார். மறுநாள் எங்காவது தோட்டாக்கள் விழும்.

சோழபுரத்தில் அவர்கள் குடும்ப வயலின் கிணற்றுப் பாதையைப் பற்றியும் அப்படித்தான் ஒருநாள் சொன்னாள். மாமனார் செத்த வருசம், விஜயபாண்டி லீவு கிடைக்காமல் காரியம் முடிந்த பின்னால் வந்து போனார் அல்லவா, அவர் ரயிலேறிய மறுவாரமே அவர் தம்பி சந்தனம் பொதுக் கிணற்றுக்குப் போகும் வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தான். பம்புசெட்டுப் போட அனுசியா மூன்று வயல் சுற்றி நடந்தாள். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். "பாதை எங்க பக்கம்னு அவன் சொன்னான். நான் ஒண்ணும் பேசல" என்றாள்.

விடிந்ததும் விஜயபாண்டி பைக்கை எடுத்துக்கொண்டு சோழபுரம் போனார். அங்கே என்ன பேசினார் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. பம்பு ரூமுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த தோட்டாக்களை ஆட்டுக்காரர்கள் பார்த்தார்கள். சந்தனத்தின் கெண்டைக்காலில் ஒரு குண்டு இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு மோட்டார் இரும்பு குத்திவிட்டது என்று சொன்னான். அண்ணன் பேரைச் சொல்லவில்லை. கட்டுப் போட்ட பேண்டேஜ் அனுசியாவின் கம்பெனியில் மடித்தது.

செய்தி கேட்டதும் அனுசியா, குண்டு ஒரு முழம் மேலே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு துளி இனிப்பும் இருந்தது. அதை அவள் வெளியே சொல்லவில்லை.

அந்த வாரம்தான் மாரிச்செல்வி அம்மாவிடம் வந்து சொன்னாள். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக்கடையில் கணக்குப் பார்த்தாள். தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். "அம்மா, ஜோயல் வீட்டுல ஞாயித்துக்கிழமை வாராக. கல்யாணம் பேசத்தான் வாராக."

ஜோயல் வேற்றாள் இல்லை. விஜயபாண்டிக்குத் துப்பாக்கியில் துணை நின்ற ஞானதுரையின் மகன். லைட் மெஷின் கன் ஒற்றை ஆளின் ஆயுதம் கிடையாது. சுடுகிறவன் நம்பர் ஒன், அவனுக்கு இடது பக்கம் படுத்திருப்பவன் நம்பர் டூ. அப்படிப் பன்னிரண்டு வருசம் இரண்டு பேரும் ஒரே துப்பாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தவர்கள். கிறிஸ்துமஸ் பலகாரம் இங்கே வரும், பொங்கல் கரும்பு அங்கே போகும். பிள்ளைகள் அப்படிப் பார்த்துப் பழகியதுதான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள் அனுசியா.

"நீ சொல்லுவேன்னு இருக்கேன்."

அனுசியா சுவரைப் பார்த்தாள். அவர் யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடலாம், பஸ்ஸுக்கும் காலண்டருக்கும் உயிர் கிடையாது. இந்தப் பேச்சில் எதிரே உட்காரப் போவது அந்தப் பையன். மகள் அவனுக்குப் பக்கத்தில் நிற்பாள்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஞானதுரை பைக் ஸ்டாண்டு வைத்திருந்தார். துப்பாக்கியின் சூடேறிய பேரல் குழாயை வருசக்கணக்கில் கழற்றி மாட்டிய கை என்பதால் அவர் வலது உள்ளங்கை எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். ஆறிப்போன காபியை அவர் மனைவி பரிபூரணம் அவர் கையில் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கும். அந்த வீட்டில் அது ஒரு வசதி, அவ்வளவுதான்.

"வா தங்கச்சி. பயந்துபோய் வந்திருக்க" என்றார்.

"அவுக சுட ஆரம்பிச்சா எப்படிண்ணே நிறுத்துறது? உங்களுக்குத்தான் தெரியும்."

 ஞானதுரை மூலையிலிருந்த காற்றடிக்கும் பம்பை எடுத்து முன்னால் வைத்தார். "துப்பாக்கின்னா எல்லாரும் குண்டைத்தான் நினைப்பாக. இதுல வேலை பாக்கிறது புகை" என்று ஆரம்பித்தார். சுடத் தயாரான எல்.எம்.ஜி.யின் வாய் திறந்தே இருக்கும்; போல்ட் என்கிற இரும்புக் கட்டை பின்னால் நிற்கும், பேரலுக்குள் ஒன்றும் இருக்காது. விசையை இழுத்ததும் ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் தள்ளும். அது போகிற போக்கில் மேலே மேகசினிலிருந்து ஒரு தோட்டாவை உருவிக்கொண்டு போய் உள்ளே வைத்து அடித்துவிடும். குண்டு பேரலில் ஓடி வெளியேறுவதற்குள் வழியில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாகக் கொஞ்சம் புகை கீழே இறங்கிப் பிஸ்டனை அறையும். அவர் பம்பின் கைப்பிடியை வெடுக்கென்று பின்னால் இழுத்துக் காட்டினார். பிஸ்டன் பின்னால் வரும்போது போல்ட்டையும் இழுத்துக்கொண்டு வரும், காலி கேஸ் கீழே விழும், ஸ்பிரிங் மறுபடி அமுங்கும். விரல் விசையிலேயே இருந்தால் மறுபடியும் முன்னால் பாயும்.

"ஒரு குண்டோட புகைதான் அடுத்த குண்டைக் கிளப்புது தங்கச்சி. நடுவுல ஆளே தேவையில்ல. ஒண்ணு, விரலை எடுக்கணும். இல்ல, மேகசின் காலியாகணும்."

"விரலை எடுக்க மாட்டாக."

"மாட்டான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப மேகசின். அத யாருண்ணே நிரப்புவாக?"

"நான்தான். நம்பர் டூ வேலையே அதுதான். அவன் முன்னால மட்டும் பாப்பான். மேல காலியாச்சுன்னா நான் எடுத்துட்டுப் புதுசு மாட்டுவேன். பேரல் காய்ஞ்சா மாத்துவேன். எங்க சுடணும்னு பாத்துச் சொல்றதும் நான்தான்." சொல்லிவிட்டு அவர் பம்பைத் தூக்கி மூலையில் வைத்தார். "இப்ப யாரு நிரப்புறாகன்னு எனக்குத் தெரியாது." அப்படிச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அனுசியா டிக்கெட் வாங்கக் கையை நீட்டியபோதுதான் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் கருப்பாக எண்ணெய் படிந்திருந்தது. முந்தானையில் துடைத்தாள், போகவில்லை. முகர்ந்து பார்த்தாள், அவர் லீவில் வரும்போதெல்லாம் சட்டையில் வரும் அதே துப்பாக்கி எண்ணெய் வாடை. ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன. முந்தாநாள் குழம்பு ஊற்றும்போது என்ன சொன்னோம், அதற்கு முந்தின நாள் என்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மில் மேனேஜர் மட்டுமரியாதை இல்லாமல் பேசுவான் என்று சொன்னது அவள்தான். சேத்தூர் பஸ் கண்டக்டர் ஒருமுறை தன்னை இறக்கிவிட்டதைச் சொன்னதும் அவள்தான். ராஜபாளையம் வந்து இறங்கும்வரை அவள் கையை மடியில் மூடி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து சோப்பு, சாம்பல், எலுமிச்சை என்று எல்லாம் போட்டுத் தேய்த்தும் கருப்பு போகவில்லை. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. விஜயபாண்டி தட்டின் முன்னால் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். "என்ன, ஊருல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல, சாப்பிடுங்க" என்றாள். ஆனால் வருசம் முழுக்க நிரப்பியது உள்ளே அப்படியே இருந்தது. அதைக் கழற்றுவதற்கு அவளுக்கு வழி தெரியவில்லை. ஞானதுரை அண்ணன் குடும்பத்தோடு வருகிறார் என்று மட்டும் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, மீதியைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் முடிவெட்டிக்கொண்டு வந்தார். ஞாயிறு காலையில் அவரே போய்க் கறி எடுத்து வந்தார்.

சர்ச்சில் ஆராதனை முடிந்து அவர்கள் வந்தார்கள். அனுசியா நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் ஒரே வரிசையாகப் போட்டு வைத்திருந்தாள். விஜயபாண்டி அதைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைத் தூக்கித் தனக்கு நேரே போட்டார். "ஏலே துரை, எதுத்தாப்புல உக்காரு. எம்புட்டு நாளாச்சு உன் மூஞ்சியப் பாத்து. ஊருல ஒரு பயலும் மூஞ்சியக் காட்டிப் பேச மாட்டேங்கான்."

ஞானதுரை தயங்கி உட்கார்ந்தார். இத்தனை வருசத்தில் அவர் அந்தத் துப்பாக்கியை முன்பக்கமிருந்து பார்த்ததில்லை. ஜோயல் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பரிபூரணம் மடியில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் ஜெபித்தார். பழைய கதைகள் கொஞ்சம் ஓடின. விஜயபாண்டி இரண்டு தடவை சிரித்தார். மாரிச்செல்வி சமையலறை வாசலில் நின்றாள். ஆண்கள் யாரும் ஆரம்பிக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் பரிபூரணம் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிவிட்டார்: "அண்ணே, உங்க புள்ளைய எங்க ஜோயலுக்குக் கேட்டு வந்திருக்கோம். ரெண்டும் மனசு ஒத்துப்போயிருச்சு. நீங்கதான் முடிச்சு வைக்கணும்."

விஜயபாண்டியின் நெஞ்சுக்குள் இரும்பை இழுத்து மாட்டுகிற சத்தம் கேட்டது. அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது. போல்ட் பின்னால் போய் நின்றுவிட்டது என்று ஞானதுரைக்குத் தெரிந்தது. அவர் அசையவில்லை.

"என் பக்கத்துலயே படுத்துக் கிடந்து, என் வீட்டை நோட்டம் பாத்திருக்க" என்றார் விஜயபாண்டி. தோட்டாக்கள் தரையில் விழுந்தன. ஞானதுரையின் காதோரம் காற்றுக் கிழிந்தது. பின்சுவரில் காரை உதிர்ந்தது. "உப்புத் தின்ன வீட்டுலயே கைய வச்சிருக்க. மாரியாத்தா பேரு வச்ச புள்ளைய எந்தப் பேரு சொல்லிலே கூப்பிடப் போற?" பரிபூரணத்தின் கையிலிருந்த டம்ளர் துளைபட்டுக் காபி இரண்டு பக்கமும் பீய்ச்சியது. அவர் டம்ளரை விடவில்லை. விஜயபாண்டி நாற்காலியிலேயே உடம்பைத் திருப்பினார். தலை இடது பக்கம் சாய்ந்தது. எதிரே ஜோயல் இருந்தான். மாரிச்செல்வி சமையலறை வாசலை விட்டு ஓடிவந்து அவன் பக்கத்தில் நின்றாள். அப்பா நிறுத்தவில்லை. வாயைத் திறந்தார்.

வார்த்தை வரவில்லை. தொண்டைக்குழியில் ஏதோ குறுக்கே விழுந்துவிட்டது. முகம் கருத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை இரண்டும் நாற்காலியைப் பிறாண்டின. அதிகம் சுட்டுச் சூடேறிய துப்பாக்கியில் காலி கேஸ் உள்ளே ஒட்டிக்கொண்டு வராமல் அடைத்துவிடும். பட்டாளத்தில் அதற்கு ஸ்டாப்பேஜ் என்று பெயர். நம்பர் ஒன்னால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

ஞானதுரை எழுந்தார். யோசித்து எழுந்ததாகத் தெரியவில்லை, உடம்பு எழுந்தது. இரண்டே எட்டில் சுற்றிவந்து விஜயபாண்டிக்கு இடது பக்கம் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். வலது உள்ளங்கையை அவர் முதுகில், கழுத்துக்குக் கீழே வைத்து அழுத்தினார். சட்டை பொசுங்கும் வாடை வந்தது. இடது கையால் தோளைப் பின்னால் வலித்து ஓங்கி ஒரு அறை. தலை பிய்ந்த ஒரு தோட்டா தரையில் விழுந்தது. விஜயபாண்டி ஊளையிடுவது போல மூச்சை உள்ளே இழுத்தார். அடைப்பு எடுபட்டுவிட்டது, துப்பாக்கி சரியாகிவிட்டது. அது தன் மகன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை ஞானதுரை அப்போதுதான் பார்த்தார். கையை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அனுசியா விஜயபாண்டிக்கும் ஜோயலுக்கும் நடுவில் வந்து நின்றாள். தன் கணவருக்கு நேர் எதிரே. கறுத்த விரல்களை விரித்துக் காட்டினாள்.

"இது அம்புட்டும் நான் நிரப்புனது. பாத்துக்கிடுங்க. கிணத்துப் பாதையச் சுத்தி நடந்தது நான். பந்தியில எந்திரிச்சு வந்தது நான். வருசக்கணக்கா வச்சிருந்து, நீங்க வந்தபொறவு ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுத்தேன், நீங்க சுட்டீக. இந்தப் புள்ளைக எனக்கு ஒண்ணும் செய்யல. பரிபூரணம் மதினி எனக்கு ஒண்ணும் செய்யல. இவுகளுக்குன்னு நான் உங்ககிட்ட ஒண்ணுமே தரலியே. உங்க நெஞ்சுல இருக்கது வேற ஆளுக்கு வச்சது."

அவள் சேலைக் கரைக்குக் கீழிருந்து ஒரே ஒரு தோட்டா விழுந்தது. டிங்கென்று ஒரு சத்தம். விஜயபாண்டியின் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு குண்டு போய், கூரையோரம் துளைத்து, மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பாய்ந்தது. மேலேயிருந்து வெங்கடேஸ்வரி "அய்யய்யோ, நீள்ளு, நீள்ளு" என்று தெலுங்கில் கத்துவதும், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் கொட்டுவதும் கேட்டது.

விஜயபாண்டி தரையைப் பார்த்தார். "ஏட்டி, உனக்கும் விழுது" என்றார் மெதுவாக.

"ஆமா."

"உள்ளுக்குள்ள இன்னும் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. சந்தனம் ரேஷன் கடையில வச்சுச் சொன்னது."

"என்ன சொன்னான்?"

"அத உங்களுக்குத் தர மாட்டேன். அது என் கையில இருக்கட்டும்."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலை சாயவில்லை, நேராகப் பார்த்தார். இருபத்து சொச்சம் வருசத்துக்கும் சேர்த்துப் பார்க்கிறார் போல இருந்தது அனுசியாவுக்கு. பிறகு அவர் நெஞ்சுக்குள் மந்தமாக ஒரு சத்தம் கேட்டது. மேகசினைக் கழற்றிய துப்பாக்கியில் போல்ட் முன்னால் போய் வெறும் பேரலில் மோதுகிற சத்தம். தோள்மேல் கை வைத்திருந்த ஞானதுரை, பழக்கத்தில், "காலி" என்றார்.

சம்மதம் என்று விஜயபாண்டி அன்றைக்குச் சொல்லவில்லை. எல்லோரையும் சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகும் மூன்று மாதம் அவர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. மகளிடம்கூடப் பேசவில்லை. அவள் அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போனாள், அழுதுகொண்டே வந்தாள். கார்த்திகையில் ஒருநாள் அவர் தானாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பைக் ஸ்டாண்டில் ஞானதுரைக்கு இடது பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கல்யாணப் பந்தலுக்கு யாரைச் சொல்லலாம் என்று கேட்டார். கல்யாணம் தை மாதம் நடந்தது. காலையில் சர்ச்சில் மோதிரம், மத்தியானம் மாரியம்மன் கோயில் வாசலில் மாலை. பெண்ணின் பெயரை மாற்றும் பேச்சு வந்தபோது பரிபூரணம், தான் பதினாறு வருசமாகக் கூப்பிட்டுப் பழகிய பேரை இனிமேல் போய் யார் மாற்றுவது என்று முடித்துவிட்டார்.

கல்யாணத்துக்குச் சந்தனம் வந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனான். அந்த வாரக் கடைசியில் அனுசியா, சோழபுரம் போக வேண்டும், வண்டியை எடுங்கள் என்று விஜயபாண்டியிடம் சொன்னாள். வழியெல்லாம் அவர் என்ன பேசப் போகிறாய் என்று கேட்கவில்லை. பம்பு ரூமுக்கு முன்னால் இறங்கியதும் தானாகப் போய் அவளுக்கு இடது பக்கம் நின்றுகொண்டார். சந்தனம் மண்வெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அண்ணனைப் பார்த்ததும் கால் பின்னால் போனது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடி நின்றதைப் பார்த்து, அவன் கண் மதினி பக்கம் திரும்பியது.

"சந்தனம்" என்றாள் அனுசியா. குரல் உயரவில்லை. "பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி வீட்டு லைட்டு விடியவிடிய எதுக்கு எரியுதுன்னு, ரேஷன் கடையில அத்தன பேரு முன்னால கேட்டியே. புள்ளைக்குக் காய்ச்சல். அதுக்குத்தான் எரிஞ்சுது. எம்புட்டு பேரு சிரிச்சாகன்னு உனக்கு நெனப்பிருக்கா?"

தோட்டா ஈர மண்ணில் விழுந்ததால் சத்தம் கேட்கவில்லை. குண்டு எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பம்பு ரூம் சுவரிலும் இல்லை, தென்னை மரத்திலும் இல்லை, சந்தனத்தின் உடம்பிலும் ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து நொண்டியபடி நடந்துபோய், கிணற்றுப் பாதையில் கிடந்த முள்ளை வெறும் கையால் இழுத்து இழுத்து அப்புறப்படுத்தினான். கை கிழிந்தது. விஜயபாண்டி உதவப் போனார். "விடுங்க, அவனே எடுக்கட்டும்" என்றாள் அனுசியா.

இப்போது அந்தப் பாதையில் டிராக்டர் போகிறது. விஜயபாண்டி சோழபுரத்தில் வெண்டை போட்டிருக்கிறார். கோபப்பட்டால் அவருக்கு எப்போதாவது ஒன்றிரண்டு விழும், அதோடு நின்றுவிடும். அனுசியா இப்போது எதையும் சேர்த்து வைப்பதில்லை. தனக்குத் தோன்றியதைத் தானே போய்ச் சொல்லுகிறாள், வருசத்துக்கு ஒன்றோ இரண்டோ விழுகிறது. கம்பெனியிலும் கடைத்தெருவிலும் அவள் தொண்டையைச் செருமினால் எதிரே நிற்பவர்கள் செத்த விலகிக்கொள்கிறார்கள். அவள் சொல்லி முடித்ததும் கிட்ட வந்து, சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிறார்கள்.